தாடி வரைபடம்

மார்ச் 4

கண் ஒருவருக்கு, மூக்கு இன்னொருவருக்கு, காதும் கழுத்தும் போன மாதம் சேர்ந்த பெண்ணுக்கு. எனக்குத் தாடி. இந்த ஆய்வு நிலையத்தில் மூன்று வருடம் உழைத்ததற்குக் கிடைத்த மரியாதை இதுதான். ஐஸ்லாந்திலிருந்து ஆல்ப்ஸ் மலை வரை, ஜெர்மானிய மொழிகள் பேசும் ஊர்களில் உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் எப்படிச் சொல்கிறார்கள் என்று வரைபடம் போடுகிறோம். ஒரு சொல்லுக்கு ஒரு தாள், ஓர் ஊருக்கு ஒரு புள்ளி. கோவில்பட்டியில் அம்மா எல்லோரிடமும் நான் ஜெர்மனியில் மேப்பு டிபார்ட்மெண்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது.

செண்பகத்துக்குப் பத்து வாரம் என்று டாக்டர் இன்று உறுதியாகச் சொன்னார். இது எங்களுக்கு மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ரேசர் மழுங்கிவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

மார்ச் 8

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. போனை எடுத்ததும் முதல் வார்த்தை, "எய்யா, முகத்துல கத்தி வச்சிராத." பெண்டாட்டி உண்டாகியிருந்தால் புருஷன் சவரம் செய்யக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. ஒவ்வொன்றாக நினைவூட்டினாள். நான் மொழியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அவளிடம் சொல்லவும் சொன்னேன். "நம்பாண்டாம்யா, வழிக்காம இருந்தாப் போதும்" என்றாள்.

செண்பகம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். போனை வைத்ததும் வந்து நின்றாள். "இந்தத் தடவ தாடி கீடி ஒண்ணும் வேண்டாம். சொல்லிட்டேன்." சரி என்றேன். இன்று ஞாயிறு. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை. அதனால் ரேசர் வாங்கவில்லை.

மார்ச் 17

தாளில் தென்பாதி முடிந்தது. ஜெர்மனில் பார்ட், டச்சில் பார்ட், ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சில ஊர்களில் பார்ட். தமிழெழுத்தில் எழுதினால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. அவற்றைப் பிரித்துக் காட்டத்தான் எனக்குச் சம்பளம். யூதர்களின் யித்தீஷில் போர்ட், ஃப்ரீஸ்லாந்தில் புர்ட், ஆங்கிலேயனுக்கு பியர்ட். இவை எல்லாம் சிவப்பு. கடலைத் தாண்டி வடக்கே போனால் வேறு குடும்பம். ஸ்வீடனில் ஷெக், ஐஸ்லாந்தில் ஸ்கெக். இவை நீலம். நார்வேக்காரரிடம் போய் பார்ட் என்று சொன்னால் மீசையைத் தடவிக்காட்டுவார். அவருக்குச் சிவப்புக் கோடு போட்ட நீலமா, நீலக் கோடு போட்ட சிவப்பா? காலையிலிருந்து மதியம் வரை இதற்காகவே இரண்டு பேரோடு சண்டை போட்டேன்.

எங்கள் பிரிவுத் தலைவி வீப்கே என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளுக்காகவே வளர்க்கிறீர்களா என்று சிரித்தார். ஆமாம் என்றேன். நல்ல காரணம், நானே யோசித்திருக்க வேண்டியது.

மார்ச் 26

ரேசர் வாங்க மறந்துவிட்டது.

ஏப்ரல் 6

தாளில் ஒரே ஒரு புள்ளி வெறுமையாக இருந்து உயிரை வாங்குகிறது. ஊர் எண் நாற்பத்து மூன்று. வடகடலில் ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவுப் பேச்சைப் பேசுகிறவர்களில் எங்களுக்குத் தொடர்பில் இருப்பவர் ஒருவர்தான். திருமதி ஆன்ட்யே. கணவர் மொம்மேயோடு விருந்தினர் விடுதி நடத்துகிறார். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் சொல் கொடுத்தவர், தாடிக்கு மட்டும் தீவுச் சொல்லைத் தர மறுக்கிறார். இன்று மூன்றாம் முறையாகப் போன் செய்தேன். "பார்ட்" என்றார், ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல. அது ஜெர்மன், உங்கள் பேச்சில் வேண்டும் என்றேன். எங்கள் பேச்சிலும் அப்படித்தான் என்றார். இல்லை என்று எனக்குத் தெரியும். அண்டைத் தீவில் வேறு மாதிரிதான் சொல்கிறார்கள். இவர்கள் மட்டும் கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு தலைநகர்ப் பேச்சா பேசுவார்கள்?

வீப்கேயிடம் புலம்பினேன். கேட்டால் வராது என்றார். வெளியாள் கேட்டால் எல்லோரும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வருவார்களாம். தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் உண்மையான சொல் வாயில் வருமாம். அப்படியென்றால் நான் யாரிடம் போய் ஒட்டுக்கேட்பது?

ஏப்ரல் 19

வீட்டில் இரண்டு வாரமாகத் தேங்காய்ச் சட்னி இல்லை. ஆசியக் கடையில் வாங்கிய இரண்டு காய்கள் ஜன்னலோரம் கிடக்கின்றன. செண்பகம் உடைத்துத் தரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இங்கே தேங்காய் உடைக்க ஏற்ற கல்லோ அரிவாளோ கிடையாது, துருவியதையே பாக்கெட்டில் வாங்கிவிடலாம் என்றேன். நியாயமான யோசனைதான்.

இன்று காலை அவள் அலமாரிக்கடியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தாள். போன வருடம் அலமாரியைப் பொருத்துவதற்கு நானே வாங்கியது. தேங்காயை இடது கையில் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே ஓங்கி ஒரே அடி. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"தேங்காயும் உடைக்க மாட்டிய, சவரமும் பண்ண மாட்டிய. எங்கிட்ட மட்டும் நம்பிக்கை இல்லன்னு சொல்லுவிய. என்னைய என்ன பச்சப்புள்ளைன்னு நெனச்சியளா?"

ரேசர், ஞாயிற்றுக்கிழமை, தாள் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. முந்தைய இரண்டு தடவையும் தாடி வளர்த்தாயிற்று, என்ன கிடைத்தது என்றாள். பிறகு உட்கார்ந்து தேங்காயைத் துருவ ஆரம்பித்தாள். சட்னி நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

ஏப்ரல் 30

ஆன்ட்யே போனை எடுக்கவில்லை. செண்பகம் பேசவில்லை. அம்மா தினமும் பேசுகிறாள்.

மே 15

வழித்துவிட்டேன்.

செண்பகம் நேற்றுப் புது ரேசர் ஒன்றை வாங்கிவந்து கண்ணாடி முன்னால் வைத்திருந்தாள். அவளுக்கு இருபத்தோராவது வாரம். போன தடவை இந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. "இதப் பாக்கவே எனக்குக் கைகால் நடுங்குது" என்றாள். தாடியைச் சொன்னாளா, வாரத்தைச் சொன்னாளா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதற்குமேல் பிடிவாதம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. வழித்ததும் அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். ஒரு மாதத்தில் இதுதான் முதல் சிரிப்பு.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஏமாற்றம். தாள் முடிந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

மே 16

வீடியோவில் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பாஸ்போர்ட் போட்டோவுக்காக என்றேன். அவள் திட்டவில்லை. "சரிய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 18

விடியற்காலையில் இரத்தம். ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

மே 19

குழந்தையின் இதயத் துடிப்பு இருக்கிறது. இரத்தம் நிற்கவில்லை. டாக்டர்கள் நஞ்சுக்கொடியைப் பற்றி விளக்கினார்கள். அது கீழே இறங்கி கருப்பை வாயை மறித்துக்கொண்டிருக்கிறதாம், யாருடைய தவறும் இல்லையாம், யார் எதைச் செய்திருந்தாலும் செய்யாமலிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமாம். அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். ஜெர்மன் புரியவில்லை என்று நினைத்து ஆங்கிலத்தில் சொன்னார்கள்.

மே 21

தாளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டேன். கட்டிலருகே உட்கார்ந்து டென்மார்க்குக்கு நீலம் தீட்டினேன். ஒரு கோடும் நேராக விழவில்லை. இரத்தம் குறைந்திருக்கிறது என்கிறார்கள். குறைந்திருக்கிறது என்றால் நின்றுவிட்டது என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

ரேசரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மே 24

இரத்தம் நின்றுவிட்டது. ஆனால் எழுந்து நடமாடக் கூடாது, ஆஸ்பத்திரியை விட்டுப் போகவும் கூடாது.

மாலையில் செண்பகம் கையை நீட்டி என் தாடையைத் தடவினாள். ஒரு வார முள் குத்தியிருக்க வேண்டும். கையை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

"வளரட்டும்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு ரேசர் கொண்டுவரவில்லை, நாளை கொண்டுவருகிறேன் என்று ஏதோ உளறினேன். "வளரட்டும்னு சொல்லுதேம்லா" என்று அதட்டினாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளை அழவைக்கிற உலகத்தின் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 2

எழுதப்போவதில்லை என்று சொன்னதை எழுதிவிடுகிறேன். இங்கே வேறு வேலையும் இல்லை, அவள் தூங்குகிறாள்.

முதல் தடவை, ஊரில் இருந்தபோது, நாலாம் மாதம் கலைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். என் தாடி மார்புவரை இல்லாவிட்டாலும் கழுத்துவரை இருந்தது. அதோடு வீட்டுக்குள் போக முடியவில்லை. தெரு முனையில் சலூனைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டு இறங்கினேன். ரோட்டைப் பார்த்துத் திறந்து கிடக்கும் சின்னக் கடை. மாஸ்டர் துண்டைப் போர்த்தி, தாடியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கேட்டார்: "என்ன குழந்த சார்?"

நம் ஊரில் கல்யாணமான ஒருவன் இத்தனை தாடியோடு வந்து மழுங்க வழிக்கச் சொன்னால் வேறென்ன கேட்பார்கள்? இதுவரை யாரும் கேட்டுத் தப்பாகப் போயிருக்காது. அவர் மேல் குற்றமில்லை. நான் "பொண்ணு" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. "மகாலச்சுமி. முட்டாயி எங்க சார்?" என்றார். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாம் தடவை வேறு தெருவில் வேறு கடைக்குப் போனேன். அங்கேயும் அதே கேள்வி.

இதைச் செண்பகத்திடம் சொன்னதில்லை. அவளுக்கு ஏற்கெனவே இருந்தது போதாதா?

ஜூன் 27

ஆன்ட்யே போனை எடுத்தார். "பார்ட்." நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 8

வீப்கேயோடு பெரிய சண்டை. தாள் அச்சுக்குப் போக வேண்டும், நாற்பத்து மூன்றுக்கு அண்டைத் தீவுச் சொல்லையே போட்டுவிடலாம், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்றார். பெரும்பாலும் என்றால் என்ன அர்த்தம் என்று கத்தினேன். கேட்காத ஒன்றைக் கேட்டதாக எப்படிப் போடுவது? வராத ஒன்றை வந்துவிட்டதென்று யாரிடமும் நான் இனிமேல் சொல்ல மாட்டேன், காலியாக இருந்தால் காலியாகவே அச்சாகட்டும் என்றேன். நான் கையால் அடித்ததில் மேஜையிலிருந்த சிவப்புப் பென்சில்களெல்லாம் உருண்டு கீழே விழுந்தன. பக்கத்து அறையிலிருந்து மூக்குத்தாள்காரர் எட்டிப் பார்த்தார்.

வீப்கே பென்சில்களைப் பொறுக்கி மேஜையில் வைத்தார். ஆகஸ்ட் முடியும் வரை காத்திருக்கலாம், இப்போது ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம்.

ஜூலை 30

முப்பத்திரண்டாவது வாரம் நெருங்குகிறது. தாடி இப்போது சட்டைக் காலரில் உரசுகிறது. சூப் குடிக்க முடியவில்லை. அரிப்பு தாங்கவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். செண்பகம் தினமும் மாலையில் என் சீப்பை வாங்கித் தாடியைச் சீவிவிடுகிறாள்.

ஆகஸ்ட் 9

மறுபடி இரத்தம். இந்தத் தடவை அவர்கள் காத்திருக்கவில்லை, நேராக ஆபரேஷன். என்னை வெளியே உட்காரவைத்தார்கள்.

பொண்ணு. ஒன்றே முக்கால் கிலோ. அழுதாள் என்கிறார்கள். செண்பகத்துக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை, ஆபத்தில்லை.

ஆகஸ்ட் 10

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூக்கில் குழாய், காலில் ஒரு கம்பி. பார்த்தேன்.

அம்மா போனில் அழுதாள், சிரித்தாள், கடைசியில், "புள்ள பொறந்தாச்சுல்லா, இனி வழிச்சிரு" என்றாள். செண்பகத்திடம் சொன்னேன். "அவ வீட்டுக்கு வரட்டும்" என்றாள் அவள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 16

நர்ஸ் என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குழாயும் கம்பியுமாகக் குழந்தையை என் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டார். தோலோடு தோல் பட்டால் மூச்சு சீராகுமாம். தாடி இடைஞ்சலாக இருக்குமோ என்று கேட்டேன். சுத்தமாக இருந்தால் போதும் என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடிக்குள் ஒரு கை நுழைந்து நாலு மயிரைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சின்னக் கைக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? வலித்தது. எடுத்துவிடவில்லை.

ஆகஸ்ட் 22

மூக்கிலிருந்த குழாயை நேற்று எடுத்தார்கள், இன்று மறுபடி வைத்தார்கள். ஒருநாள் முன்னால், ஒருநாள் பின்னால். டாக்டர் இது வழக்கம்தான் என்கிறார். எனக்கு வழக்கமில்லை.

ஆகஸ்ட் 29

ஆன்ட்யே தானாகவே போன் செய்தார். இரண்டு மாதமாகப் போனே இல்லையே, தாள் என்ன ஆயிற்று என்று கேட்டார். தாளைப் பற்றி எனக்கு அக்கறை போய்விட்டது என்றேன். ஏன் என்றார். பெண் பிறந்திருக்கிறாள், எட்டு வாரம் முன்கூட்டியே, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள், எங்கள் ஊரில் மனைவி உண்டானால் புருஷன் தாடியை எடுக்கக் கூடாது, நான் இன்னும் எடுக்கவில்லை, அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் எடுப்பேன் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் வந்துவிட்டது.

அவர் போனைக் கையில் பிடித்தபடியே அறைக்குள் திரும்பி, நான் சொன்னதையெல்லாம் கணவரிடம் தீவுப் பேச்சில் சொல்ல ஆரம்பித்தார். குழந்தை புரிந்தது. பெட்டி புரிந்தது. அடுத்து அந்தச் சொல் வந்தது. அண்டைத் தீவின் சொல்லேதான், உயிரொலி மட்டும் கொஞ்சம் நீளம். மொம்மே ஏதோ கேட்டார், ஆன்ட்யே அந்தச் சொல்லை மறுபடியும் சொன்னார்.

அவர் போனுக்குத் திரும்பி வந்து, பெண்ணுக்கு என்ன பெயர் என்று ஜெர்மனில் கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றேன். தாளில் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அதைத்தானே இத்தனை மாதமாகச் சொல்கிறேன்" என்றார் ஆன்ட்யே.

ஆகஸ்ட் 31

தாளைக் கொடுத்தாயிற்று. வீப்கேயிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

செப்டம்பர் 13

இரண்டு கிலோ நானூறு. குழாய் இல்லை. பாலைத் தானே குடிக்கிறாள். இந்த வாரம் அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார்கள். இந்த வாரம் என்றால் எந்த நாள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கலாமாம்.

செப்டம்பர் 19

காலையில் வீட்டுக்கு வந்தோம். டாக்ஸியில் செண்பகம் குழந்தையின் கூடைத் தொட்டில்மேல் வைத்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை. தொட்டில் வாங்கவே பயந்துகொண்டிருந்துவிட்டு நேற்றுத்தான் ஓடிப்போய் வாங்கினேன். பெண் வந்ததும் தூங்கிவிட்டாள், நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். பிறகு நான் ரேசரை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போனேன். கத்தரியால் கொஞ்சம் குறைத்து, சோப்பு நுரை போட்டு, இடது கன்னத்தை வழித்து முடித்தேன்.

செண்பகம் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். தோளில் ஒரு துண்டு. அதை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, பின்னால் முடிச்சுப் போட்டாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் குரலை மாற்றிக் கேட்டாள்.

"என்ன குழந்த சார்?"

கை நின்றுவிட்டது. அன்றைக்கு ஆட்டோ கடைக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

"பொண்ணு" என்றேன். சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"முட்டாயி எங்க சார்?" என்றாள். அவளால் அதற்குமேல் அந்தக் குரலை வைத்துக்கொள்ள முடியவில்லை, நெற்றியை என் முதுகில் வைத்துக்கொண்டாள். ரேசரைக் கீழே வைத்துவிட்டேன். வலது கன்னம் நுரையோடு காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் பெண் விழித்து அழ ஆரம்பிக்கும் வரை அப்படியே நின்றோம்.

செப்டம்பர் 20

இங்கே ஞாயிற்றுக்கிழமை. கடைகள் இல்லை. ரயில் நிலையத்தில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது, அங்கே போய் முட்டாயி வாங்கிவந்தேன்.